ஓரம் சொல்லாத ஓரம்

நாலு சாயங்காலமாக ஹெல்வே நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை.
பார்னுவில், தீவுப் படகு அலுவலகத்தின் மாடியில்
கறுப்பு ரொட்டியும் உப்பிட்ட சின்ன மீனும் கடித்துக்கொண்டு
எடிட்டருக்குள் கிட்டைக் குடிவைத்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை இரண்டு ஜன்னல்.
ஒன்றில் எழுதுவாள்; மற்றதில் போய்
என்ன எழுதினேன் என்று கேட்பாள்.
திரும்பி வருவதற்குள்
எந்த வரியில் நின்றோம் என்பது மறந்துபோகும்,
சமையலறைக்குப் போய்
எதற்கு வந்தோம் என்று நிற்பதுபோல.

இப்போது வரி எண்களுக்கு இடப்பக்கம்
நகக்கண் அகலத்தில் ஓர் ஓரம்.
புதிதாய்ச் சேர்த்தால் பச்சைக் கோடு,
மாற்றினால் மஞ்சள்,
அழித்த இடத்தில் சிவப்பாய் ஒரு சின்ன முக்கோணம்:
இல்லாததற்கும் ஓர் அடையாளம்.
வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக் கமிட் பண்ண ஒரு விசை,
வேண்டாததைப் பழையபடி ஆக்க இன்னொன்று.
"பார், பார்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
வெளியே கடல் பாதி உறைந்திருந்தது.
மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.

கடைசியாக அந்தக் கட்டளை:
ஒவ்வொரு வரியின் வாலிலும்
யார், எப்போது என்று சாம்பல் எழுத்தில் சொல்வது.
பெயர் வைத்தவனுக்கு நாசூக்கு தெரியாது.
பிளேம் என்று வைத்தான். பழி.

நேரக் கோப்பைத் திறந்தாள்.
வரிக்கு வரி ரைவோ, ரைவோ, ரைவோ.
"தெரிந்ததுதானே" என்றேன்.

தெரிந்ததுதான்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்,
கடிகாரத்தைத் திருப்பிவைத்த அக்டோபர் ஞாயிறு,
எங்கள் பலகை ஏழு மணி என்றது;
கடைசிப் படகு ஆறுக்கே போய்விட்டது.
நாற்பத்தொரு பேர்,
அதில் ஒரு பள்ளிக்கூடப் பாட்டுக் குழு,
வண்டியில் இரண்டு கன்றுக்குட்டி,
விடியும்வரை துறையில்.
மறுநாள் யாரோ டெர்மினலில் அந்தக் கட்டளையைத் தட்ட
ரைவோ என்று வந்தது.
"நான் அதை எழுதியதாக நினைவில்லையே" என்றான்.
திரையைத் திருப்பிக் காட்டினோம்.
மதியம் ஹெல்வே தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.
நானும் போனேன்.
பனி உருகியதும் அவன் ரீகாவில் வேலை தேடிக்கொண்டான்.

ஹெல்வே அமைப்புக் கோப்பில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்,
சும்மா, இருக்கட்டும் என்று:
இடைவெளியை மட்டும் மாற்றியவர்களைக் கணக்கில் எடுக்காதே.

சேமித்தாள்.
ரைவோ, ரைவோ, ரைவோ
ஈரத்துணி பட்ட சாக்கட்டிபோல் போனான்.
அவன் செய்ததெல்லாம்
கோணலாய் நின்ற வரிகளை
நான்கு இடம் தள்ளி நேராக நிறுத்தியது.
அடியில் வேறு பெயர் இருந்தது.

ஹெல்வே. ஜூன் 23, இரவு ஒன்பது ஐம்பது.
செய்தி: சின்னத் திருத்தம்.

யானிப் பண்டிகை இரவு. சூரியன் இன்னும் இறங்கவில்லை.
கரையில் தீ மூட்டிவிட்டு நாங்கள் கத்திக் கூப்பிட்டோம்.
உலக நேரத்தோடு மூன்றைக் கூட்டு என்று எழுதிவிட்டு
ஓடிவந்தாள்.
ஜூனில் மூன்று சரிதான்.
ஜூனில் எல்லாமே சரிதான்.

குளிர்காலமானால் ஒன்றைக் கழி என்று
பின்னால் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள்.
அடியில் அந்த மூன்று அப்படியே.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.
இங்கே இரண்டும் ஒரே வரியில்தான் இருந்தன,
நடுவில் நான்கு வெற்றிடம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை,
தட்டை எடுத்துக்கொண்டு போனவன்.

பிறகு அந்த மூன்றை மாற்றினாள். ஒட்டையும் பிய்த்தாள்.
ஓரத்தில் ஒரு மஞ்சள்; கீழே ஒரு சிவப்பு.
யாருக்கும் ஓரம் சொல்லாத ஓரம்.
கமிட் செய்திக்கு இடம் திறந்தது.
கர்சர் வெகுநேரம் துடித்தது.
"இந்தத் தவறு என்னுடையது.
ரைவோ இடைவெளியை மட்டும்தான் சரிசெய்தான்."
எழுதித் தள்ளினாள்.

தள்ளியதும் குழுவில் எல்லோருக்கும் அஞ்சல் போகும்.
பட்டியலில் ரைவோவின் முகவரியும் இருக்கிறது,
அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.
போய்ச் சேர்ந்ததா, திரும்பி வந்ததா,
அவன் படித்தானா என்று
ஓரத்தில் ஒரு நிறமும் வரவில்லை.
அதுவரைக்கும் அவள் இன்னும் இணைக்கவில்லை.